பழைய இன்ஜினுக்குச் சுற்றிய பூசணிக்காய்

உ
பெருமாள் துணை

சேரப்பணஞ்சேரி
புரட்டாசி 18, சனிக்கிழமை

மரியாதைக்குரிய பேச்சியம்மாள் அக்கா அவர்களுக்கு, சேரப்பணஞ்சேரி ரகுபதியின் மனைவி அம்சவல்லி கும்பிட்டு எழுதிக்கொள்வது. உங்கள் மகன் இசக்கியப்பனுக்கு உடம்பு தேறி வருகிறது. வியாழக்கிழமை செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். காலுக்குள் வைத்த கம்பி அசையாமல் இருக்கிறது, எலும்பு கூடி வருகிறது என்றார் டாக்டர். வாக்கர் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் வரை நடக்கிறான். பசி எடுக்கிறது. ராத்திரியில் வலி குறைந்திருக்கிறது.

பூஜா கண்ணு, அம்மாவுக்கு இதை நீதான் படித்துக் காட்டுவாய். அம்மா மனசு நோகுமே என்று எந்த வரியையும் விட்டுவிடாதே. உன் அண்ணனுக்காகக் கேட்கிறேன்.

அக்கா, கருப்பட்டியோடு நீங்கள் அனுப்பிய கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. அதில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தீர்கள். “அன்னைக்கு அவன் குடிச்சிருந்தானா? சாமி சத்தியமா சொல்லு தாயி. அவுக அப்பா குடிச்சே போய்ச் சேந்தாரு. இவனும் அந்த வழிக்குப் போயிட்டான்னா இனி அவன் எம்புள்ள இல்ல.” அவனோடு அறையில் தங்கியிருக்கும் உங்கள் ஊர்ப் பையன், எந்த வண்டியும் இடிக்கவில்லை, காலி ரோட்டில் தானாக விழுந்தான், அன்றைக்கு லீவு வேறு என்று ஊரில் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட நாளிலிருந்து நீங்கள் மகனோடு பேசவில்லை. இன்றோடு இருபத்தி மூன்று நாள்.

அவன் குடிக்கவில்லை அக்கா. இதைப் போனிலும் உங்களிடம் சொன்னேன். “நீ நல்ல மனசுக்காரி, அவன மறைக்கப் பாக்குற” என்றீர்கள். ஆகவே அவன் எதனால் விழுந்தான் என்பதை முழுவதும் எழுதுகிறேன். அது எங்கள் லாரியின் இன்ஜினிலிருந்து தொடங்குகிறது. பொறுமையாகக் கேட்க வேண்டும்.

எங்களுக்கு இருப்பது ஒரே லாரி. பதினான்கு வருடத்து வண்டி. ஒரகடத்தில் வார்ப்படம் செய்கிற இடத்திலிருந்து கம்பெனிகளுக்கு இரும்புச் சாமான் ஏற்றிப்போவது என் வீட்டுக்காரர் வேலை. நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள். கோயில் சுவரில் எழுதியிருப்பதையும் வண்டிக் காகிதங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் கற்றுக்கொண்டேன். வண்டிக்கு என்ன ஊற்றினோம், என்ன மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இன்ஜின் போய்விட்டது என்பதை முதலில் சொன்னது அந்த நோட்டுதான். மாதத்துக்கு ஒரு தடவை ஆயில் குறைந்த வண்டி, பங்குனியில் வாரத்துக்கு ஒரு தடவை கேட்டது. ஆனி வந்தபோது, நோட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ‘ஆயில் ஒரு லிட்டர்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். வண்டி நீலமாகப் புகை விட்டது. மேட்டில் சுமையோடு ஏற முடியாமல் நின்றது. கம்பெனி கேட்டில் இருந்தவர், “இன்னா ரகுபதியண்ணே, கொசு மருந்தா அடிச்சினு வர்றீங்கோ? உள்ள உட்டா சூப்பர்வைசர் என்னைத் திட்றாரு” என்று திருப்பி அனுப்பினார்.

மெக்கானிக் சுபாஷ் இன்ஜினைத் திறந்து பார்த்தார். ஏற்கெனவே இரண்டு தடவை உள்ளே கடைந்து பெரிய பிஸ்டன் போட்டாயிற்று. “இன்னொரு தபா கடையறதுக்கு இதுல சதை இல்லக்கா. எலும்புதான் கீது” என்றார். புது இன்ஜின் எங்களால் ஆகாது. வண்டி உடைக்கிற யார்டில் நல்ல இன்ஜினாகப் பார்த்து மாற்றிவிடலாம் என்று முடிவானது.

அந்த யார்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காகிதம் பார்க்க ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்துப் போனார்கள். அடிபட்ட லாரிகளைக் கழற்றி, கதவுகள் ஒரு பக்கம், அச்சுகள் ஒரு பக்கம் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். இன்ஜின்களைப் பழைய டயர்களின் மேல் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு பேட்டரி கொடுத்து, கேனிலிருந்து டீசல் விட்டு, அங்கேயே ஓட்டிக் காட்டினார்கள். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து சுபாஷ் உள்ளங்கையை வைத்தார். உள்ளே தேய்ந்த இன்ஜின் என்றால் கையில் காற்றைத் தள்ளுமாம். இது தள்ளவில்லை. என் கையையும் வைக்கச் சொன்னார். வெதுவெதுப்பாக, தூங்குகிற குழந்தையின் மூச்சு போல இருந்தது. என் வீட்டுக்காரர் முகத்தில் ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் தெளிவு பார்த்தேன்.

இன்ஜின் நம்பரை வண்டிப் புத்தகத்தில் மாற்றுவதற்காக, அந்த இன்ஜின் இருந்த லாரியின் காகிதங்களைக் கொடுத்தார்கள். படித்தேன். மூன்று வருடத்து லாரி. பக்கவாட்டில் அடி வாங்கி முழுச் சேதம். ஓட்டுநர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். வயது முப்பத்தொன்று. பெயரும் இருந்தது. “இது வேணாங்க, ஒரு உசுரு போன வண்டி” என்று வீட்டுக்காரரை ஓரமாக அழைத்துச் சொன்னேன். யார்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. “ஏம்மா, நல்லாருக்கிற வண்டிய எவனாச்சும் உடைக்கக் குடுப்பானா? இங்க கீற எல்லாத்துக்கும் ஒரு கதை கீது. நீ கதைய வாங்காத, இன்ஜின வாங்கு” என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “அது இரும்பு அம்சா. அதுக்கு இன்னா தெரியும்?” என்றார்.

ஆவணி மாதம் தேய்பிறையில் இரண்டு நாள் எங்கள் வாசலிலேயே வேலை நடந்தது. மூன்று இரும்புக் குழாய்களைக் கூட்டி நிறுத்தி, சங்கிலியில் பழைய இன்ஜினைத் தூக்கி இறக்கி, இதை ஏற்றினார்கள். ரப்பர் தாங்கிகள், கிளட்ச் தட்டு, குழாய்கள் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். சாவி திருப்பியதும் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. தெருவில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் வேறு யாரோ வீட்டுக்குள் வந்து பேசுவது போல இருந்தது.

எதிர்வீட்டுக் காவேரியிடம் என் பயத்தைச் சொன்னேன். “எலுமிச்சம்பழம்லாம் பத்தாதுடி. அமாவாசையன்னைக்கு பூசணிக்கா சுத்தி முச்சந்தில போட்டு ஒடை. ஒடச்சிட்டுத் திரும்பிப் பாக்காத. பாத்தா அது உன் பின்னாடியே வூட்டுக்கு வந்துடும்” என்றாள். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணேறு கழிக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கும் உள்ள வழக்கம்தான். ரோட்டில் உடைக்காதே, வண்டிகள் வழுக்கும் என்று என் வீட்டுக்காரர் ஆயுத பூஜைதோறும் எல்லோரிடமும் சொல்கிறவர். ஓரமாக உடைத்து அள்ளிப் போடச் சொல்வார். அள்ளினால் கழித்தது திரும்பி வந்துவிடும் என்று எனக்குள் ஒரு பயம். ஆகவே அவரிடம் சொல்லவில்லை.

அமாவாசையன்று விளக்கு வைக்கிற நேரம். தூறல் விட்டிருந்தது. அவர் சுபாஷோடு லாரிக்கு ஆயில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூசணிக்காயில் குங்குமம் அடைத்து, அவருக்குத் தெரியாமல் வண்டியின் பின்பக்கம் நின்று மூன்று சுற்றுச் சுற்றி, எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேருகிற முச்சந்திக்குக் கொண்டுபோனேன். ஓரத்தில் இல்லை அக்கா. நடு ரோட்டில் உடைத்தேன். உடைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

இருபது அடி நடந்திருப்பேன். பின்னால் ஒரு பைக் சறுக்குகிற சத்தம் கேட்டது. இரும்பு ரோட்டில் தேய்கிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு குரல். “யம்மா” என்று ஒரே ஒரு தடவை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை எழுதுவதற்குத்தான் எட்டு நாள் ஆனது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நடந்தேன். வாய் ‘கோவிந்தா கோவிந்தா’ என்றது, கால் வீட்டைப் பார்த்துப் போனது. திரும்பினால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது என்ற ஒரே நினைப்பு. வாசலில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போய் விளக்கேற்றினேன். அப்போது அங்கே கிடந்தது உங்கள் மகன்.

முதல் நாள் கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, லீவு நாளில் பகலெல்லாம் தூங்கி எழுந்து, அறைக்குக் காய்கறி வாங்கப் படப்பை போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு ஓடினது என் வீட்டுக்காரரும் சுபாஷும். ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் எங்கள் லாரியின் கேபினிலேயே படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அந்த இன்ஜின் முதன்முதலில் ஏற்றிப்போன பாரம் உங்கள் பிள்ளைதான். வழியில் ஓர் இடத்தில்கூட அது நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மறுநாள் விடிந்ததும் குடமும் துடைப்பமும் எடுத்துப்போய் அந்த முச்சந்தியைக் கழுவினேன். பூசணிச் சதையை ஒரு துணுக்கு விடாமல் கூட்டி அள்ளினேன். பால் வாங்க வந்தவர்கள், “யாரோ ஒடச்சிட்டுப் போனத இந்தம்மா கழுவுது பாரு, புண்ணியவதி” என்றார்கள். காவேரி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள் ஊர்ப் பையன் அந்த இடத்தைப் பார்க்க வந்தபோது ரோடு சுத்தமாக இருந்தது. காலி ரோட்டில் விழுந்தான் என்று அவன் சொன்னது பொய்யில்லை. ரோட்டைக் காலியாக்கியவள் நான்.

இசக்கியப்பன் அறை இரண்டாவது மாடி. கட்டுப் போட்ட காலோடு ஏற முடியாது என்று என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார். இந்த ஆறு வாரமாக நான் கஞ்சி வைத்ததையும் துணி துவைத்ததையும் கேட்டு, “நீ அவனுக்கு இன்னொரு ஆத்தா” என்று நீங்கள் வாழ்த்தினீர்கள். அவன் என்னை அக்கா என்கிறான், உங்களை நான் அக்கா என்கிறேன், இப்போது ஆத்தாவும் ஆனேன். இது என்ன முறை என்று அவனே கேட்டுச் சிரித்தான். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நான் செய்தது தருமம் இல்லை. நீங்கள் அனுப்பிய கருப்பட்டியை அவனுக்குக் காப்பியில் போட்டுக் கொடுக்கிறேன். நான் தொடவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “தெரியும்” என்றார். அன்றைக்கே பைக்கின் டயரில் குங்குமமும் விதையும் பார்த்தாராம். ஏன் கேட்கவில்லை என்றேன். “நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். அஞ்சு வாரம் ஆச்சி” என்றார். திட்டியிருந்தால் தேவலை. அதோடு, “எழுது. ஆனா கேஸுன்னு வந்துதுன்னா வண்டியத்தான் விக்கணும், தெரிஞ்சிக்கினு எழுது” என்றார். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

இன்று புரட்டாசிச் சனிக்கிழமை. விரதமிருந்து, ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போகக் கிளம்பியவள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அந்த முச்சந்தியைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். வீட்டுக்குள் வந்து உங்கள் மகன் முன்னால் தரையில் உட்கார்ந்து, இங்கே எழுதியிருப்பதையெல்லாம் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அவன் தன் காலைத் தடவிப் பார்த்தான். பிறகு கேட்டான்: “அப்பம் நான் கண்ணசரலையாக்கா?”

எனக்கு முதலில் புரியவில்லை. விழுந்த நிமிடம் அவனுக்கு ஞாபகமே இல்லையாம். இரண்டு ஷிஃப்ட் பார்த்த அசதியில் ஹேண்டில்பாரில் தூங்கிவிட்டோம், குடும்பத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டோம் என்று இந்த ஆறு வாரமும் தன்னைத்தானே வைதுகொண்டு படுத்திருந்திருக்கிறான். குடித்தாயா என்று நீங்கள் கேட்டபோது அவன் உரத்து மறுக்காததற்கும் அதுதான் காரணம். குற்றம் தன்மேல்தான், எந்தப் பெயரில் வந்தால் என்ன என்று இருந்திருக்கிறான். அழுதான் அக்கா. கோபத்தில் அழுதது போலத் தெரியவில்லை. அழுது முடித்து, “எங்கம்மாட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்பாது” என்றான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மத்தியானம் சோறு வைத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். சாயங்காலம் சுபாஷ் வந்து, அவர் வீட்டில் கீழ் அறை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொன்னான். உங்களோடு பேச்சே இல்லாதபோதும் அப்படித்தான் சொன்னான்.

இன்ஜினைப் பற்றி இனிச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக ஓடுகிறது. இந்த ஆறு வாரத்தில் ஆயில் குச்சியில் கோடு இறங்கவில்லை. அதை ஓட்டி இறந்துபோன அந்த மனிதரை நான் ஏதோ பேய் போல நினைத்துப் பயந்தேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நேற்றுதான் அவர் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்றினேன். தாமதம்தான்.

அக்கா, நீங்கள் போலீசுக்குப் போகலாம். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். கீழே என் பெயரும் விலாசமும் முழுவதும் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரில் அவனைக் குடிகாரன் என்று சொன்னவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பூஜா படித்துச் சொல்லட்டும். கால் சரியாகி அவன் மறுபடி கம்பெனியில் வேலைக்கு நிற்கிற வரைக்கும் அவனுக்கும் வீட்டுக்கும் வேண்டியதை நாங்கள் பார்ப்போம் என்று என் வீட்டுக்காரரும் சொல்லச் சொன்னார். இது உங்கள் கோபத்தைத் தணிக்க இல்லை. கோபப்படுங்கள். என்னை வாழ்த்திய வாயால் என்ன சொன்னாலும் அது எனக்கு உரியதுதான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பூஜா இதைப் படித்து முடித்ததும் அவனுக்குப் போன் போடுங்கள். போன் எந்நேரமும் அவன் தலைமாட்டில்தான் இருக்கிறது. மணி அடித்தால் முதலில் உங்கள் பெயரா என்றுதான் பார்க்கிறான். பூசணிக்காயைப் பற்றியும் என்னைப் பற்றியும் எதுவும் கேட்க வேண்டாம். எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அங்கே இருப்பான். கால் எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும். வைத்துவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகள் இருவரும் நீண்ட ஆயுளோடு உங்கள் கண் முன்னால் நடமாட, பெருமாளை வேண்டிக்கொண்டு,

உங்கள் முன் தலை குனிந்து நிற்கும்,
அம்சவல்லி ரகுபதி,
பிள்ளையார் கோயில் தெரு,
சேரப்பணஞ்சேரி.